சீப்புச் சின்னத்தின் மேல் நான் தொடுத்த போர்

மார்ச் 9, திங்கள்

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான் என்று முதல் வரியிலேயே உறுதி கூறுகிறேன். பெற்ற தாய் உயிரோடு இருந்திருந்தால் அவளும் நம்பியிருக்கமாட்டாள். நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம்.

நான் பொன்னுரங்கம். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடம் விசைத்தறிப் பட்டறையில் ஃபிட்டர். என் ஸ்பேனர் சத்தம் கேட்டாலே ரிப்பேரான தறிகள் பயந்து தானாக ஓடத்தொடங்கும் என்று பவானிக்கு அக்கரை வரை பேச்சு இருந்தது. பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது தங்கை வசந்தாமணி வீட்டு முன்னறையில் ராஜாங்கம். மாப்பிள்ளை லாரியில் வடக்கே போனால் மாதம் ஒருமுறை தலைகாட்டுவார். வசந்தாமணி இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு விற்கிறாள். அவள் மகள் கோபிகா ஒன்பதாம் வகுப்பு.

இன்று காலை பத்து மணிக்கு ஒரு சபதம் எடுத்தேன். பரணிதரனைப் பழிவாங்காமல் என் மீசையில் கத்தரி படாது. தலையில் ஒன்றும் இல்லாததால் மீசையை வைத்துத்தான் சபதம் செய்ய முடிந்தது.

பரணிதரன் யார்? 'குருவி டிவி' என்று செல்போனில் ஒரு சேனல் நடத்துகிறவன். நகராட்சித் தேர்தலில் எங்கள் பதினான்காம் வார்டில் சுயேச்சை. சின்னம் சீப்பு. வாக்குறுதிகள் மூன்று: வீட்டுச் செலவைப் பாதியாக்குவான், வீதிக்கு வீதி சோலார் வைத்துக் கரண்ட் கட்டை ஒழிப்பான், பிள்ளைகளைச் செல்போன் ஆபத்திலிருந்து காப்பான். இந்த மூன்றாவதைச் சொல்லும் வாயைத்தான் நான் தைக்கப்போகிறேன்.

அவன் செய்த கொடுமை இது. போன மாதம் பள்ளிப் பேச்சுப் போட்டிக்காகக் கோபிகா அம்மாவின் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, "மின்சாரம் நம் உயிர்!" என்று கையை உயர்த்தினாள். அதே நொடி கரண்ட் போனது. திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்து, மாவு அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டாள். கழுத்துவரை மாவு. அழுதுகொண்டே கையை நீட்டி ஏதோ சொல்கிறாள். எவனோ ஒரு பாவி அதை நாற்பது நொடி வீடியோ எடுத்திருக்கிறான். குருவி டிவி அதற்கு மேளம் சேர்த்துப் போட்டுவிட்டது. மேளச் சத்தத்தில் அவள் சொல்வது கேட்காது. கோடானுகோடிப் பேர் பார்த்துவிட்டார்கள். செவ்வாய் கிரகத்தில் ஆள் இருந்தால் அங்கேயும் பார்த்திருப்பார்கள்.

பள்ளியில் அவளுக்கு 'மாவு மின்சாரம்' என்று பெயர். ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. ஏப்ரல் ஏழாம் தேதி ஆண்டுத் தேர்வு. எழுதாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

பரணிதரா, உன் சீப்பின் ஒவ்வொரு பல்லையும் நான் பிடுங்குவேன்.

மார்ச் 11, புதன்

கடவுளே என் பக்கம். வாக்காளர் மனநிலையைக் கணக்கெடுக்கும் ஒரு கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. என்னைப் பார்த்தவுடனே எடுத்துக்கொண்டார்கள். வேறு யாரும் வரவில்லை என்பது துணைக் காரணம். அதைவிட முக்கியம், எனக்குக் கொடுத்தது பதினான்காம் வார்டு. எதிரியின் கோட்டைக்குள் கையில் டேப்லெட்டோடு நுழையப்போகிறேன்.

மேற்பார்வைக்கு ஜெசிந்தா என்ற பெண். சேலத்துக்காரி, இருபத்தாறு வயது, கண்ணாடி. விதிமுறை சொன்னாள்.

"அண்ணா, வலது கைப் பக்கமா அஞ்சாவது வீடு, அஞ்சாவது வீடுன்னு போகணும். பன்னிரண்டு கேள்வி. வீட்டுச் செலவு, கரண்டு, பிள்ளைங்க போன். பதில் எல்லாத்தையும் வாய்விட்டுப் படிங்க. ஒன்னக்கூட விடக்கூடாது. முகத்துல எதையும் காட்டக்கூடாது."

"என் முகத்தப் பாத்து எமனே ஒன்னும் கண்டுபிடிச்சதில்லைங்க."

மதியச் சோற்றுக்கு என்னிடம் புது எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது இந்தச் சரித்திரத்துக்குத் தேவையில்லாத சங்கதி.

மார்ச் 12, வியாழன்

இன்று ஒன்பதாயிரம் வீடு. பன்னிரண்டு என்று டேப்லெட் சொல்கிறது. டேப்லெட்டுக்கு என்ன தெரியும்.

முதல் வீடு, எட்டுத் தறி வைத்திருக்கும் மாரப்பன். கரண்ட் பற்றிக் கேட்டேன்.

"கரண்டு போனா தறி நிக்கும். தறி நின்னா நான் ஊட்டுக்குள்ள வந்து உக்காருவேன். நான் உக்காந்தா இவ பேச ஆரம்பிப்பா. யாரு கரண்டு குடுத்தாலும் அவனுக்கு என் ஓட்டுங்க. எழுதிக்குங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி: "ஆமா, கரண்டு இருந்தா மட்டும் இவரு தறிகிட்டயா இருக்காரு? போன்லதான் இருக்காரு. அதையும் எழுதிக்குங்க."

அடுத்த வீட்டு அம்மாவிடம் சமையல் செலவைக் கேட்டேன். சிலிண்டர் என்ற சொல்லை நான் முடிப்பதற்குள் கும்பிட்டார்.

"காலைல அந்தப் பேரச் சொல்லாதீங்க சாமி. எண்ணெய், பருப்பு, கேசு எல்லாம் ஒன்னுக்கொன்னு போட்டி போட்டு மேல ஏறுது. நான் மட்டுந்தான் எறங்கிட்டே இருக்கறேன்."

ஒன்பதாவது கேள்வி: "உங்கள் வீட்டுப் பிள்ளையின் படமோ வீடியோவோ பிள்ளையின் சம்மதமில்லாமல் வெளியே பரவியதுண்டா? முதலில் வெளியிட்டவர் யார்?" பதில்கள் நான்கு. மூன்றாவது பதில் கொஞ்சம் நீளம். படித்தால் ஜனங்களுக்குச் சலிப்புத் தட்டும். பொதுநலன் கருதி அதை விட்டுவிட்டேன்.

மார்ச் 14, சனி

போசி மூடியிலிருந்த ஸ்டிக்கரை ஆணியால் சுரண்டினேன். குருவியின் தலை போய்விட்டது. வாலும் ஒரு றெக்கையும் வரமாட்டேன் என்கின்றன.

மார்ச் 16, திங்கள்

கம்பெனியின் பன்னிரண்டு கேள்விகளோடு என் சொந்தத் தயாரிப்பாகப் பதின்மூன்றாவது ஒன்றைச் சேர்த்துவிட்டேன்: "சீப்புக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு முடி கொட்டுவது உங்களுக்குத் தெரியுமா?"

"அப்படியாங்க?" என்றார் டீக்கடை நாச்சிமுத்து.

துண்டை எடுத்துத் தலையைக் காட்டினேன். "போன தடவ இதே சின்னத்துக்குத்தான் போட்டேன்."

அவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு ஓட்டு ஒழிந்தது. இந்த வேகத்தில் போனால் பரணிதரனுக்கு அவன் ஓட்டே விழாது.

மார்ச் 18, புதன்

வகுப்பு டீச்சர் போன் செய்தார். வசந்தாமணி கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பேசினாள். "வருவாளுங்க மிஸ். பரிட்சைக்கு வந்துருவா." போனை வைத்துவிட்டு மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

"அண்ணா, கதவத் தொறக்க மாட்டேங்கறாளே. நீங்க சொன்னா கேப்பா. சின்னதுல இருந்து உங்க தோள்மேலயே கெடந்தவ."

"பேச்செல்லாம் எதுக்கு? பழி வாங்கிட்டு வந்து பேசறேன். பரணிதரன் காலடில வந்து விழுவான், பாரு."

"அவன் விழுந்து எனக்கென்னங்ணா ஆகப்போகுது? இவ எந்திரிச்சாப் போதும்."

வீதியில் சைக்கிளில் போன இரண்டு வாண்டுகள் "மாவு மின்சாரம் நம் உயிர்!" என்று கத்தின. செருப்பை வீசினேன். அது ஏழு கடல் தாண்டிப் போய் விழுந்தது. பக்கத்து வீட்டு ஓட்டின் மேல்.

சத்தம் கேட்டுக் கோபிகா கதவைக் கொஞ்சம் திறந்தாள். இரண்டு வாரத்தில் இளைத்துப்போயிருந்தாள்.

"மாமா, நீங்க யாரப் பழிவாங்கப் போறீங்க?"

"பரணிதரனத்தான் அம்முணி! வேற யாரு?"

"ஓ" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

துக்கம் அதிகமானால் பிள்ளைகள் அப்படித்தான் சுருக்கமாகப் பேசும்.

மார்ச் 21, சனி

பட்டால் அரிக்கும் பூனைக்காலிக் காயின் சொனையைச் சேகரித்து, பரணிதரனுக்குப் போடுவதற்காகக் கட்டி வைத்திருந்த மாலைக்குள் தூவினேன். மாலை கழுத்தில் விழுந்த மூன்றாம் நொடி அவன் குரங்காட்டம் ஆடுவான், அதை ஊரே வீடியோ எடுக்கும் என்பது திட்டம்.

கூட்டத்தில் அவன் என்னைப் பார்த்துவிட்டான். "அட, எங்க அண்ணன்! வார்டோட மூத்த வாக்காளருங்க!" என்று மாலையை வாங்கி என் கழுத்தில் போட்டுவிட்டான்.

இப்போது இடது கையால் எழுதுகிறேன். வலது கை சொறிவதற்கு வேண்டியிருக்கிறது.

அவனை நூறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பூனைக்காலி தடவுவேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஜெசிந்தா வீட்டுக்கே வந்துவிட்டாள். வசந்தாமணி காப்பி கொடுத்தாள்.

"அண்ணா, மத்த வார்டுல எல்லாம் ஒன்பதாவது கேள்விக்கு மூணாவது பதில்தான் நிறைய வருது. நூத்துல அம்பது அறுபது. உங்க வார்டுல ஒன்னுகூட இல்ல. ஒரே ஒரு வீடுகூட இல்ல."

"எங்க வார்டு ஜனங்க உத்தமருங்க."

"டேப்லெட் அங்கங்க குரலப் பதிவு பண்ணும்ண்ணா. கேட்டேன். நீங்க அந்தப் பதிலப் படிக்கவே இல்ல. ஒன்னு படிக்கறீங்க, ரெண்டு படிக்கறீங்க, அப்புறம் ஒரு இருமல், உடனே நாலு. எழுபத்தாறு வீட்லயும் அதே இருமல்."

"பூனைக்காலி தொண்டைக்குள்ள போயிருச்சுங்க."

"இது உங்களுக்கு அஞ்சாவது வீடாத்தான் வருது. நானே கேட்டுடறேன்" என்று வசந்தாமணி பக்கம் திரும்பிப் படித்தாள். "முதலில் வெளியிட்டவர் யார்? ஒன்று, முன்பின் தெரியாதவர். இரண்டு, பிள்ளையின் நண்பர். மூன்று, விளையாட்டுக்காகவோ பெருமைக்காகவோ வீட்டில் உள்ளவரே. நான்கு, தெரியாது."

வசந்தாமணி காப்பி டம்ளரை எடுத்து நகர்த்தி வைத்தாள். "நாலுன்னு போட்டுக்குங்க கண்ணு" என்றாள்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூணு."

கிரைண்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்க பதில் இதுல சேராதுங்க" என்றாள் மெதுவாக.

சேராது. விதிமுறை என்றால் விதிமுறைதான். அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

மார்ச் 28, சனி

இன்று போரின் உச்சகட்டம். மாலை ஐந்தரைக்குப் பரணிதரனின் பிரச்சார வேன் எங்கள் வீதி முனைக்கு வந்தது. பின்னால் ஆளுயரத் திரை. ஜெனரேட்டர் ஒயரைப் பிடுங்குவதற்காகக் கட்டிங்பிளேயரோடு வேனுக்கு அடியில் புகுந்தேன். முப்பது வருட ஃபிட்டர். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒயரைக் கண்டுபிடிப்பேன்.

திரையில் வீடியோ ஓடத்தொடங்கியது. "பாருங்கம்மா, கரண்டு கட்டால ஒரு கொழந்த படற பாடு!" என்று மைக்கில் பரணிதரன். வழக்கமான மேளத்தை ஆபரேட்டர் இன்று சேர்க்கவில்லை. அசல் சத்தம் முழு ஒலியில் வந்தது. "மின்சாரம் நம் உயிர்!" தொப். அழுகை. அவள் சொல்வதையும் மூழ்கடித்தபடி அதற்கு மேலே ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் என்ன எழுத? வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"ஏனுங்க, இது நம்ம பொன்னுரங்கம் சிரிப்பாட்டவே இருக்குதுங்களே?" டீக்கடை நாச்சிமுத்துவின் குரல்.

"ஆட்டம் என்ன ஆட்டம், அவருதான்" என்றாள் மாரப்பன் மனைவி.

குரல் மாற்றிப் பேசும் கலைஞர்கள் எத்தனையோ பேர் நாட்டில் இருக்கிறார்கள். அதை யாரும் யோசிப்பதில்லை.

ஒரு அம்மா சத்தமாகக் கேட்டார். "தம்பி, அந்தப் புள்ள பள்ளிக்கூடமே போறதில்லியாம். கொழந்தைகளக் காப்பாத்தறேன்னு ஓட்டுக் கேக்கற, அத எடுத்தா என்ன?"

பரணிதரன் மைக்கில் சொன்னான். "சேனலுக்குன்னு ஒரு ரூல் இருக்குதுங்கம்மா. அனுப்புனவங்க வந்து கேட்டா அந்த நிமிசமே எடுத்துருவேன். இதுவரைக்கும் வந்து கேக்கல. ஒரு மாசமாச்சு."

ஒயர் என் கையில்தான் இருந்தது. வெட்டவில்லை. வேனுக்கு அடியிலிருந்து எப்போது வெளியே வந்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 30, திங்கள்

போசியில் சோறு கொண்டுபோகவில்லை. பசிக்கவும் இல்லை.

ஏப்ரல் 1, புதன்

பரணிதரன் வீட்டுக்குப் போனேன். கொலை செய்யும் நோக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஆயுதமாகப் போசி.

"வாங்கண்ணா" என்றவன் போசியைப் பார்த்தான். "நல்லா ஒழைக்குதுங்களா? 'வீட்டுச் சிரிப்பு' போட்டில நாங்க குடுத்ததிலயே அதுதான் பெரிய போசி."

ஏதோ ஒரு போட்டியைப் பற்றி உளறினான். செல்போனை எடுத்து ஒரு குரல் பதிவை ஓடவிட்டான். "தம்பி, எங்கூட்டு நட்சத்திரம் பாரு! ஜம்முனு மேளம் போட்டு விடு. போசி எனக்குத்தான், ஆமா!" பின்னாலேயே காக்கை பறக்கும் அதே சிரிப்பு.

"பாப்பா மூணு தடவ எனக்கு மெசேஜ் போட்டுதுங்ணா. எடுத்துருங்க அங்கிள்னு. அனுப்புனவரு கேக்கோணும்னு சொன்னேன். யாருன்னும் கேட்டுது. சொன்னேன்."

"எப்பச் சொன்ன?"

"போட்ட மறுநாளே."

போட்ட மறுநாள் என்றால் மார்ச் முதல் தேதி. நான் மீசையைப் பிடித்துச் சபதம் போட்டபோது அவளுக்குத் தெரியும். யாரைப் பழிவாங்கப்போகிறீர்கள் என்று கேட்டபோதும் தெரியும்.

"சரி, எடுத்துரு" என்றேன்.

"எடுத்துடறேங்ணா."

"இங்க வேண்டாம். வேனைக் கொண்டா."

மாலை அதே வீதி முனை. பத்து லட்சம் பேர் கூடியிருந்தார்கள். பதினான்கு பேரும் ஒரு நாயும் என்று ஜெசிந்தா எண்ணிச் சொன்னாள். மைக்கை வாங்கினேன். நான் என்ன பேசினேன் என்பதை எழுதத் தேவையில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும். நாச்சிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாரப்பன் மனைவி, "த்தூ, இதுக்கா இத்தன நாளு?" என்றாள்.

ஆனால் மைக்கை நான் இறக்கவில்லை. சபதம் சபதம்தானே.

"பரணிதரா, நான் கேக்கறதுக்கு ஒரு மாசம் ஆச்சு. நான் அயோக்கியன். அந்தப் புள்ள மூணு தடவ கேட்டுதே, வீடியோல இருக்கறது அவதானே, அப்ப நீ ஏன் எடுக்கல?"

பரணிதரன் என்னைப் பார்த்தான், ஜனங்களைப் பார்த்தான், கடைசியில் தன் சீப்புப் படத்தைப் பார்த்தான். "லைக்கு ஓடிட்டு இருந்துதுங்க" என்று முணுமுணுத்தான். மைக் அதையும் வீதி முழுக்கச் சொல்லியது.

திரையில் எல்லாரும் பார்க்க வீடியோவை நீக்கினான். போசியை வேன் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

சிலர் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பார்கள் என்றாள் ஜெசிந்தா. அவர்கள் எல்லாரிடமும் போய்க் கேட்க முடியாதாம். வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டதையும் அதே மூச்சில் சொன்னாள்.

ஏப்ரல் 4, சனி

கோபிகா கதவைத் திறந்தாள். முதல் வார்த்தை: "மாமா, பட்டுச்சேல கட்டுங்க."

மேலும் விளக்கம் கேட்காமல் சுற்றிக்கொண்டேன். கூடத்தில் ஸ்டூல் இருந்தது. ஸ்டூலுக்குப் பின்னால் அண்டா நிறைய மாவு.

"ஏறுங்க. பேசுங்க."

"மின்சாரம் நம் உயிர்!" என்று கையை உயர்த்தினேன். கரண்ட் போகவில்லை. இந்த நாட்டில் வேண்டியபோது கரண்ட் போகவே போகாது. அவளே போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, செல்போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் பின்னால் சாய்ந்தேன்.

மாவு சில்லென்றிருந்தது. அடி பலம். இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தால் அண்டா வழுக்கியது. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

செல்போன் கீழே இறங்கவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நாற்பது நொடியும் எடுத்தாள். நாற்பது நொடி என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அய்யோ, நாளைக்கு விக்கற மாவு! உளுந்து என்ன வெல விக்குது!" என்று ஓடிவந்த வசந்தாமணிதான் தூக்கிவிட்டாள்.

"இத யாருக்கு அனுப்பப்போற அம்முணி?" என்றேன்.

"தெரியல மாமா. அனுப்பினாலும் அனுப்புவேன். அனுப்பாமயும் இருப்பேன். கேட்டுட்டு அனுப்பமாட்டேன். நீங்க தெனமும் நெனச்சுட்டே இருங்க."

மாவு காய்ந்தால் மீசையில் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்கிறது. கத்தரிதான் வைக்கவேண்டியிருந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

எட்டரை மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு பரிட்சைக்குக் கிளம்பினாள். நான் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். "நடந்தே போறேன்" என்றாள். முனையில் அந்த இரண்டு வாண்டுகள் "மாவு" என்று தொடங்கின. அவள் நின்று திரும்பி அவர்களையே பார்த்தாள். இரண்டாவது சொல் வெளியே வரவில்லை.

வீட்டில் அவள் செல்போன் சார்ஜில் கிடந்தது. அது ஒவ்வொரு தடவை சிணுங்கும்போதும் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் இருபத்திரண்டு தடவை. இதில் மிகை இல்லை, எண்ணினேன்.

ஏப்ரல் 18, சனி

தேர்தல் முடிந்தது. சீப்பு மூன்றாமிடம். நான் தனி ஒருவனாக ஒரு பேரரசைச் சாய்த்தேன் என்று எழுதலாம். முந்நூறு ஓட்டு வாங்கியவனைப் பேரரசு என்று எழுத இன்று கை வரவில்லை. கோபிகா என்னோடு பேசுகிறாள். உப்பு எடுங்க, கதவச் சாத்துங்க, அவ்வளவுதான். வீடியோ அவளிடம் இருக்கிறது.

இந்த நோட்டில் எழுதிய ஒன்பதாயிரம் வீடு, பத்து லட்சம் ஜனம், ஏழு கடல், செவ்வாய் கிரகம் எதையும் நம்பவேண்டாம். என் ஸ்பேனருக்குத் தறிகள் பயந்ததையும் நம்பவேண்டாம்.

சின்னதாக ஒன்று மட்டும் நிஜம். மாவுக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் கையை நீட்டி ஏதோ சொல்கிறாள், மேளத்தில் கேட்காது என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா? எனக்குக் கேட்டது. "மாமா, தூக்கி விடுங்க" என்றாள்.